பேஸ்மென்ற் கிணறு

வாங்கோ பிள்ளை, வாங்கோ. கடைசிப் படி கவனம். மற்றப் படியளை விட அது கொஞ்சம் உயரம், புதுசா வாற எல்லாரும் அதிலைதான் தடக்குப்படுறவை. சப்பாத்தை மேலை கழட்டினனீங்கள்தானே? நல்லது. போன கிழமை ஒருத்தர் அறை பாக்க வந்தவர். பனிச் சப்பாத்தோடை நேரை இறங்கி வந்து, நடு அறையிலை நிண்டுகொண்டு, "அன்ரி, இஞ்சை ஈரம் இருக்கோ?" எண்டு கேக்கிறார். அவற்ர சப்பாத்திலையிருந்து வடிஞ்ச தண்ணிக்கை நிண்டுகொண்டு! "நீர் வருமட்டும் இருக்கேல்லைத் தம்பி" எண்டு சொன்னனான். ஆள் பிறகு போன் எடுக்கேல்லை. எடுக்காட்டிப் போகட்டும்.

சுவரிலை கையை வைச்சுப் பாருங்கோ. வெக்கப்படாமல் வையுங்கோ. எப்பிடி? அப்பளம் மாதிரிக் காய்ஞ்சிருக்கோ இல்லையோ? ரொறன்ரோவிலை எங்கட சனத்தின்ர பேஸ்மென்றுகளுக்கை போனால் ஒரு மணம் வரும், நனைஞ்ச சாக்கு மணம். ஆக்கள் பாக்க வருகினம் எண்டால் அண்டைக்குச் சாம்பிராணி போட்டு வைப்பினம். நான் ஒண்டும் போடேல்லை. மூச்சை இழுத்துப் பாருங்கோ. அந்த மூலையிலை நிக்கிறது ஈரம் உறிஞ்சிற மெசின். அதின்ர தட்டு நிறைய முந்தி எடுத்து ஊத்திவிட வேணும், அவ்வளவுதான். சன்னல் சின்னன், ஆனால் வெளிச்சம் வரும். மேலை நான் என்ன செய்தாலும் கீழை கேக்காது. கீழை நீங்கள் பாட்டுப் போட்டாலும் மேலை கேக்காது. கதவைச் சாத்தினால் வேறை வீடு மாதிரித்தான். சுவரிலை அந்தச் சதுர அடையாளத்தைப் பாத்து யோசிக்காதேங்கோ, அது ஈரம் இல்லை. முந்தி அதிலை ஒரு ரெலிபோன் கொழுவியிருந்தது. மேலை குசினியிலை ஒண்டு, கீழை இஞ்சை ஒண்டு, ஒரே லைன். கழட்டிப் பெயின்ற் அடிச்சும் அடையாளம் போகுதில்லை.

நீங்கள் எந்த இடம் பிள்ளை? கிளிநொச்சியோ? ஆ. படிக்க வந்தனீங்கள். அம்மா அங்கைதானே? ஐயா?

சரி, விடுங்கோ. சொல்ல விருப்பமில்லாட்டி விடுங்கோ. ஆரைக் கண்டாலும் தாய் தேப்பனை விசாரிக்கிறது எங்கட சனத்துக்கு ஒரு வியாதி.

இந்த வீடு வாங்கேக்கை தண்ணியைப் பற்றி ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லேல்லை. பின்பக்கம் பள்ளம், பள்ளத்துக்குக் கீழை ஓடை, கண்ணுக்கு எட்டின தூரம் மரம். அதைக் கண்டு எங்கட மனுசன் மயங்கிப் போனார். விசுவலிங்கம் எண்டு பேர். ஊரிலை தோட்டம் செய்த ஆள், இஞ்சை பிளாஸ்ரிக் தொழிற்சாலையிலை இரவு பகல் பாராமல் நிண்டவர். அவர் போய் இது ரெண்டாவது குளிர். நாங்கள் வந்த முதல் வருசம் பனி உருகத் துவங்கின உடனை, சுவரும் நிலமும் சந்திக்கிற இடத்தாலை தண்ணி கசிஞ்சுது. கார்ப்பெற்றிலை கால் வைச்சால் சளக் சளக் எண்டும். சுவர் முழுக்க வெள்ளையா உப்புப் பூத்துது. மனுசன் ஆரோ கடைக்காரன்ர கதையைக் கேட்டு உள்ளுக்கை ஒரு பெயின்ற் வாங்கிப் பூசினார். அடுத்த மழைக்கு, அம்மாள் வருத்தம் வந்த முகம் மாதிரிச் சுவர் பொக்குளம் பொக்குளமா எழும்பிச்சுது. வெளியிலை நிக்கிற தண்ணியை உள்ளுக்கை நிண்டு மறிக்க ஏலுமோ? "வெள்ளம் வரமுன்னம் அணை கட்ட வேணும், நீங்கள் வந்தாப் பிறகு பெயின்ற் அடிக்கிறீங்கள்" எண்டு நல்லாப் பேசிப்போட்டன்.

பிறகு ஒரு இத்தாலிக்காரனைப் பிடிச்சம். அவன் வந்து வீட்டைச் சுத்தி அத்திவாரம் தெரியுமட்டும் கிடங்கு வெட்டினான். என்ர றோசாவெல்லாம் போச்சுது. சுவரை உரஞ்சிக் கழுவி, வெடிப்பெல்லாம் அடைச்சு, தார் மாதிரி ஒண்டைப் பூசி, அதுக்கு மேலை கறுப்புச் சீற்றைச் சுத்தினான். அடியிலை ஓட்டை போட்ட குழாய், குழாயைச் சுத்திச் சல்லி. மண்ணுக்கை நிக்கிற தண்ணி அந்தக் குழாயாலை வந்து வீட்டுக்குள்ளை ஒரு குழிக்கை விழும். குழிக்கை ஒரு பம்ப் நிக்கும். தண்ணி ஏற ஏற அது தூக்கி வெளியிலை எறியும். அதுதான் ஒழுங்கு. உந்தக் கதவுக்குப் பின்னாலைதான் அந்தக் குழி. காட்டிறன், பொறுங்கோ.

செய்து முடிச்சால் சரியெண்டு நினைக்கப்படாது பிள்ளை. இலை கொட்டின உடனை கூரைப் பீலியளிலை கிடக்கிற இலையை அள்ள வேணும். பீலித் தண்ணி இறங்கிற குழாயைச் சுவரிலையிருந்து தள்ளி நீட்டிவிட வேணும். சுவரோரம் மண் தாழ்ந்துபோனால் மண் போட்டு உயர்த்த வேணும், தண்ணி வேலிப்பக்கம் ஓடத்தக்கதா. இடைக்கிடை ஒரு வாளி தண்ணியைக் குழிக்கை ஊத்திப் பம்ப் ஓடுதோ எண்டு பாக்க வேணும். வீடும் வயசுபோன ஆக்கள் மாதிரித்தான், பாக்காட்டிப் படுத்திடும். அவர் எல்லாம் ஒழுங்காச் செய்தவர், குறை சொல்லக் கூடாது. உந்த வாளி விசயத்திலைதான் கொஞ்சம் மிஞ்சிப் போச்சுது.

சொல்லுறன். உங்களுக்கு அவசரம் ஒண்டும் இல்லையே? அந்தக் கதிரையிலை இருங்கோ.

இத்தாலிக்காரன் குழியை வெட்டி முடிச்ச அண்டைக்கு, நான் மேலை சோறு வடிச்சுக்கொண்டு நிக்கிறன், கீழையிருந்து கூப்பிடுறார். "இஞ்சரும், ஓடி வாரும்! ஓடி வாரும்!" விழுந்துகிழுந்து போனாரோ எண்டு பதறிக்கொண்டு ஓடி வந்தன். ஆள் குழிக் கரையிலை குந்தியிருக்கிறார். உள்ளுக்கை தெளிஞ்ச தண்ணி நிக்குது. "பாரும், கிணறு!" எண்டு சொல்லிச் சிரிக்கிறார். கனடா வந்து அவர் அப்பிடிச் சிரிச்சு நான் காணேல்லை. கையை விட்டு ஒரு சிறங்கை அள்ளி முகத்திலை அடிச்சார். "நல்ல தண்ணி" எண்டார். "மண்ணாங்கட்டி, ஊத்தைத் தண்ணி, எழும்புங்கோ" எண்டு நான் கத்தினது அவருக்குக் கேக்கேல்லை.

இத்தாலிக்காரன் குழிக்கு ஒரு மூடியும் குடுத்தவன், ஆணி போட்டு முறுக்கிறது. மனுசன் அதைப் போடவே விடேல்லை. "கிணத்தை ஆரும் மூடுவினமோ? கிணத்தை மூடினால் குடி நிக்காது." நான் விடுவனோ? எங்கட மகள் சின்னவள், விழுந்திடுவாள் எண்டு சண்டை பிடிச்சன். அதுக்கு அறைக் கதவிலை மேலை ஒரு கொளுக்கி அடிச்சு விட்டார். மூடி மட்டும் இல்லை. பிள்ளை வளந்து கலியாணம் கட்டிக் கல்கரிக்குப் போயும், மூடி சுவரிலை சாத்தினபடிதான். அந்த அறை அவற்ர ராச்சியம். நான் உள்ளுக்கை கால் வைக்கிறேல்லை.

அவருக்கு ஏன் அந்தக் கிறுக்கு எண்டால், எல்லாம் மாமாவாலை. அவற்ர தேப்பன். எங்கட ஊர் வலிகாமம் வடக்கு. ஊர் முழுக்கச் செம்மண்ணும் கல்லும். மாமாவின்ர கிணறு கல்லைப் பிளந்து வெட்டின கிணறு, துலாக் கிணறு. எந்தக் கோடையிலையும் வத்தினதில்லை. மாமாவுக்குப் பெண்சாதி பிள்ளையள் எல்லாம் அதுக்குப் பிறகுதான். தொண்ணூறாம் ஆண்டு ஷெல்லடி துவங்கிச் சனமெல்லாம் ஓடேக்கை நாங்களும் வெளிக்கிட்டம். மாமா வரமாட்டன் எண்டிட்டார். "பத்து நாளிலை திரும்பி வருவியள்தானே? ஆருமே அள்ளாமல் விட்டால் தண்ணி பாசி பிடிச்சிடும். நான் நிண்டு இறைச்சுக்கொண்டு இருக்கிறன், நீங்கள் போட்டு வாங்கோ." குடையைக் கையிலை கொழுவிக்கொண்டு படலையடியிலை நிண்டவர். வெயிலெண்டாலும் மழையெண்டாலும் அந்தக் குடை அவற்ர கையிலை தொங்கும், பிடியிலை ஒரு செப்புக்கம்பி சுத்திக் கட்டியிருக்கும். அதுதான் கடைசி. பிறகு ஊருக்குப் போற பாதையெல்லாம் ஆமிக்காரர் மறிச்சு வேலி போட்டிட்டாங்கள். ஒருத்தரும் போகேல்லை, ஒரு கதையும் வரேல்லை. பத்து நாள் எண்டு சொல்லி, இஞ்சை எங்களுக்கு மகள் பிறந்து, அவளுக்கும் பிள்ளை பிறந்து போச்சுது.

ஆடி அமாவாசை வரும். உங்களுக்குத் தெரியும்தானே, தேப்பன் இல்லாத ஆம்பிளையள் அண்டைக்கு விரதம் இருந்து எள்ளுந் தண்ணியும் இறைப்பினம். ஊரிலை கீரிமலைக்குப் போவினம், இஞ்சை கோயில் ஐயரைப் பிடிச்சு ஏரிக்கரைக்குப் போவினம். கடையளிலை விரதக் கறிக்குக் காத்தோட்டிக்காய் கூட வந்திடும். நான் சொல்லுவன், "இஞ்சருங்கோ, மாமாவுக்கு இப்ப உயிரோடை இருந்தாலும் நூறு வயசு தாண்டியிருக்கும். ஒரு சொட்டுத் தண்ணி இறைச்சு விடுங்கோவன், அந்த மனுசன் தாகத்தோடை திரியாமல்." அவர் என்ன செய்வார் தெரியுமோ? அண்டைக்கெண்டு போய் மீன் வாங்கிக்கொண்டு வருவார். விளைமீன். "நல்ல உறைப்பாக் குழம்பு வையும்" எண்டுவார். ஊர்ச்சனமெல்லாம் விரதம் இருக்கிற நாளிலை என்ர குசினியிலை மீன் மணக்கும். ஊர் வாயை மூட உலைமூடி இருக்கோ? பக்கத்து வீட்டுச் சனம் என்னைத்தான் கேட்டது. நானும் ஒருநாள் கேட்டுப்போட்டன், உங்களுக்கு என்ன விசரோ எண்டு. "நான் இறைச்சால் ஐயா செத்தவர் எண்டு ஆகிப்போடும். நான் இறைக்காமல் இருக்குமட்டும் அவர் இருக்கிறார்" எண்டார். சொல்லிப்போட்டு முள்ளு எடுத்து எடுத்துச் சாப்பிட்டார்.

பிறகு ஆமிக்காரர் ஊரைத் திருப்பி விட்டாங்கள். எங்கட ஒழுங்கையையும் விட்டாச்சு எண்டு செய்தி வந்துது. அவற்ர தங்கச்சியின்ர மகன் நிமலன் போய்ப் பாத்திட்டுப் படம் அனுப்பினான். வீடு இல்லை, அத்திவாரம் மட்டும், பத்தை. கிணறு விளிம்புமட்டும் கல்லும் மண்ணும் கொட்டித் தூர்ந்து கிடக்கு. மனுசன் அந்தப் படத்தைக் கண்ணாடியைப் போட்டும் பாத்தார், கழட்டியும் பாத்தார். "கிணத்தைத் துப்பரவாக்கச் சொல்லும் நிமலனிட்டை. தண்ணி வரவேணும்" எண்டார். அந்த நேரம் அவருக்கு நெஞ்சு வெட்டி ஒப்பரேசன் செய்து கன காலம் இல்லை. அதிர்ச்சி ஒண்டும் குடுக்காதேங்கோ எண்டு டொக்ரர் எனக்குத்தான் சொல்லி விட்டவர். அதாலை நான் சொன்னன், ஊர்க் கதையெல்லாம் இனி நான் கதைக்கிறன், நீங்கள் பேசாமல் இருங்கோ எண்டு.

ஒரு நாள் நிமலன் எடுத்தான். நான் குசினியிலை வடகம் பொரிச்சுக்கொண்டு நிக்கிறன். புகை இழுக்கிற ஃபான் ஓடுது. அவர் கீழை. லைனிலையும் ஒரே இரைச்சல், கொர்ர் எண்டு, பிறகு டொக் எண்டு. கார்ட் போட்டு எடுக்கிற லைன் எல்லாம் அப்பிடித்தான். "மாமி, ஆக்களை இறக்கி அரைவாசி கிண்டியாச்சு. ஒரு குடைக்காம்பு வந்திருக்கு. துணி இல்லை. பிடியிலை செப்புக்கம்பி சுத்தியிருக்கு. இனிக் கீழை போறதோ, இல்லை விடுறதோ? போறதெண்டால் பொலிசுக்கும் சொல்ல வேணும்" எண்டான்.

நீங்களே சொல்லுங்கோ பிள்ளை, என்ர இடத்திலை நீங்கள் நிண்டால் என்ன செய்வீங்கள்? கிண்டு எண்டு சொன்னால் என்ன வரும்? பொலிசு வரும், கோடு கச்சேரி வரும், கிடைக்கிற எலும்பைப் பெட்டியிலை போட்டுக் கொழும்புக்குக் கொண்டு போவினம், இந்த மனுசன் தையல் காயாத நெஞ்சோடை பிளேன் ஏறும். வந்தது மாமா எண்டால் ஒரு சாவு. மாமா இல்லை எண்டால், ஆர்? நான் சொன்னன், "நிமலன், மூடு. எடுத்த கல்லைத் திருப்பிப் போட்டு மூடு. குடையையும் உள்ளுக்கை போடு. இவருக்குச் சொல்லாதை." அவன் பிறகு, சரி மாமி எண்டான்.

அவர் மேலை வந்த உடனை நானே சொன்னனான். "நிமலன் எடுத்தவன். கிண்டிப் பாத்தவையாம், வெறுங் கல்லும் மண்ணும்தானாம். ஒண்டும் இல்லையாம்." அவர் என்ர முகத்தைப் பாத்தார். "ம்" எண்டார். "வடகம் கருகுது, பாரும்" எண்டார். அவ்வளவுதான். ஒரு கண்ணீர் இல்லை, ஒரு நெஞ்சுநோ இல்லை. பாத்தீங்களோ? மனுசர் நோகாமல் இருக்கிறதுக்கு ஆராவது ஒருத்தர் வாயை மூட வேண்டியிருக்கு. நான் மூடினன். எனக்கு அதிலை ஒரு வருத்தமும் இல்லை.

அடுத்த ஆடி அமாவாசைக்கு மீன் வாங்கேல்லை. கொலஸ்ரரோல் கூட எண்டு டொக்ரர் சொன்னது இப்பவாவது மண்டையிலை ஏறிச்சுதே எண்டு எனக்குச் சந்தோசம்.

உந்த வாளிப் பைத்தியம் அதுக்குப் பிறகுதான் துவங்கினது. முந்தி எப்பவாவது நினைச்சுக்கொண்டு ஊத்திப் பாக்கிறவர், பிறகு அமாவாசைக்கு அமாவாசை. காலமை குளிச்சிட்டு, வேட்டியைக் கட்டிக்கொண்டு, தேத்தண்ணி கூடக் குடியாமல் வாளியோடை உந்த அறைக்கை போவார். கலண்டரிலை அமாவாசை கறுப்பு வட்டமாக் குறிச்சிருக்கும்தானே, மறக்காமல் இருக்க ஒரு நாள் பாத்து வைச்சிருக்கிறார் எண்டு நினைச்சனான். "பம்புக்கு இவ்வளவு மரியாதையோ?" எண்டு பகிடி கூடப் பண்ணினனான். என்னட்டை ஒண்டும் சொல்லமாட்டார். எல்லாத்தையும் மறைச்சு மறைச்சு வைக்கிற குணம். எனக்கு மறைக்கிற ஆக்களைக் கண்ணிலை காட்டக் கூடாது.

சில வருசம் போக, ஒரு பனி உருகிற காலம், பம்ப் நிண்டு போச்சுது. காலமை படியிலை இறங்கினால் கடைசிப் படியைக் காணேல்லை, தண்ணிக்கை. அப்ப இஞ்சை ஒரு புருசனும் பெண்சாதியும் வாடைக்கு இருந்தவை, பாவங்கள், பெட்டி கட்டில் எல்லாம் மிதந்துது. அந்தக் கிழமையே வெளிக்கிட்டுப் போட்டினம். அதுக்குப் பிறகு இது சும்மாதான் கிடக்கு. பம்பைத் தூக்கி எடுத்துப் பாத்தால், தண்ணி இழுக்கிற வலையிலை கறுப்புக் கறுப்பாச் சின்னச் சின்னன், பசை மாதிரி ஒட்டி, கொத்துக் கொத்தா அடைச்சுப்போய்க் கிடக்கு. பழுது பாக்க வந்த பிலிப்பினோக்காரன், ஏதோ பூச்சி முட்டை எண்டான். நான் கிள்ளி எடுத்து நசிச்சுப் பாத்தன். எள்ளு!

எனக்கு அப்ப வந்த சிரிப்பு. பாருங்கோ, மனுசனுக்குச் சீனி வருத்தம். எள்ளுப்பாகு எண்டால் உயிர். நான் வீட்டிலை வைச்சிருக்க விடுறேல்லை. ஆள் கள்ளமா வாங்கி வந்து, உந்த அறைக்கை ஒளிச்சிருந்து திண்டுபோட்டு, குழியிலை கை கழுவியிருக்கிறார்! பிலிப்பினோக்காரனுக்கு முன்னாலை வைச்சே ஏசினனான். "எள்ளுப்பாகு திண்டு பேஸ்மென்றையே தாட்டுப்போட்டீங்கள்" எண்டு. அவர் தண்ணிக்கை நிண்டுகொண்டு என்னைப் பாத்தார். "இனி வலையைக் கழுவி வைக்கிறன்" எண்டார், அவ்வளவுதான்.

என்ன பிள்ளை, ஒரு மாதிரிப் பாக்கிறீங்கள்?

என்ன சொன்னனீங்கள்?

சீச்சீ. அப்பிடி இல்லை. அது அவருக்குத் தெரியாது. எள்ளுந் தண்ணியும் இறைக்கிறதெண்டால் தேப்பன் போனது தெரிய வேணுமே. நான் சொல்லேல்லை, நிமலன் சொல்லேல்லை. நிமலன் என்ர சொல்லுத் தட்டமாட்டான். வேறை ஆர் சொல்லுறது? இல்லை. உங்களுக்கு ஏன் அப்பிடி ஒரு நினைப்பு?

உங்கட அம்மாவோ? அவ இறைக்க விடேல்லையோ? இன்னும் இல்லையோ? ம். ரீவியிலை காட்டிறவை, றோட்டுக்கரைக் கொட்டிலிலை காணாமல் போன ஆக்களின்ர படத்தை மடியிலை வைச்சுக்கொண்டு இருக்கிற அம்மாமாரை. அதிலை உங்கட அம்மாவும்... சரி. நான் வந்த உடனை ஐயாவைக் கேட்டிருக்கக் கூடாது. என்ர வாய்க்கு ஒரு பூட்டு இல்லை.

எழும்புங்கோ, வாங்கோ, அந்த அறையையும் பாத்திடுங்கோ. கொளுக்கியைத் தூக்கி விடுங்கோ, எனக்கு எட்டாது.

ஆஸ்பத்திரியிலை கடைசி நாள் அவர் கேட்டது என்ன தெரியுமோ? மகளைக் கேக்கேல்லை, பேரப்பிள்ளையைக் கேக்கேல்லை. "பம்ப் ஓடுதோ?" எண்டார். ஓடுது எண்டன். "மூடேல்லைத்தானே?" எண்டார். மூடேல்லை எண்டன். அப்ப மூடேல்லைத்தான். செத்தவீட்டு எட்டுச் செலவு முடிஞ்சு அடுத்த நாள் ஆளைக் கூப்பிட்டு மூடுவிச்சுப்போட்டன். பேரப்பிள்ளை வந்து போற வீடு. அண்டைக்குப் பிறகு நான் இந்தக் கதவைத் திறக்கேல்லை. வாளித் தண்ணி ஊத்திப் பாக்கிறதும் அந்தப் பிலிப்பினோதான். முந்தநாளும் வந்தவன், ஆணியளைக் கழட்டிப்போட்டு முறுக்காமல் விட்டிட்டுப் போட்டான்.

உள்ளதைச் சொல்லுறன் பிள்ளை. வாடைக்காக நான் ஆள் தேடேல்லை. எனக்கு வாற பென்சன் காணும். கீழை ஒரு ஆள் இருந்தாக் காணும் எனக்கு. மேலை கீழைச் சத்தம் கேக்காது எண்டு சொன்னனான்தானே? பொய் இல்லை, பம்ப் சத்தம் கேக்காது. ஆனால் சில நாளிலை காலமை நான் எழும்பித் தேத்தண்ணிக்குத் தண்ணி வைக்கேக்கை, வாளிக் கைபிடி விழுற சத்தம் கேக்குது. கிளிங் எண்டு. வாளியைத் தண்ணியோடை நிலத்திலை வைச்சால் கைபிடி சரிஞ்சு விழுமே, அந்தச் சத்தம். நான் கலண்டரைப் பாக்கிறேல்லை. பாக்காமல் இருக்கத்தான் பாக்கிறன். பாத்தால் அந்தக் கறுப்பு வட்டம். உங்களை வெருட்டிறதுக்குச் சொல்லேல்லை. நீங்கள் இருந்தால் நீங்கள்தான் எண்டு நினைச்சுக்கொள்ளுவன், அதுக்குத்தான்.

மூடியைத் தூக்குங்கோ. பாரமில்லை, பிளாஸ்ரிக்தான். சுவரிலை சாத்தி விடுங்கோ. பாத்தீங்களோ, எவ்வளவு தெளிவு! எங்கட முகம் தெரியுது. வாளி அதிலை இருக்கு, குழாய் அந்தப் பக்கம். ஒரு வாளி பிடிச்சு ஊத்துங்கோ, ஓடுதோ எண்டு நீங்களே பாத்திட்டால் நம்பிக்கையா இருக்கும். நானும் இதுவரைக்கும் கிட்ட நிண்டு பாத்ததில்லை. மெதுவா. மெதுவா ஊத்துங்கோ. அவர் அப்பிடித்தான் ஊத்திறவர் போல, ஒரே அடியா ஊத்தினால் தெறிக்கும்.

அந்தப் பந்து மாதிரி மிதக்கிறது எழும்புது, பாருங்கோ. இப்ப ஓடும்.

பொறுங்கோ.

கதைக்காதேங்கோ, பொறுங்கோ.

இன்னொரு வாளி ஊத்து பிள்ளை. திருப்பி ஓடட்டும்.

கொர்ர் எண்டு இழுத்து, நிண்டு, டொக் எண்டு. உனக்கும் கேட்டதோ, அந்த டொக்? தண்ணி திரும்பி வராமல் மூடுற வால்வு எண்டு இத்தாலிக்காரன் சொன்னவன். அண்டைக்கு லைனிலை நான் நிமலனிட்டைக் கேட்டனான். "நிமலன், உங்கை என்னடா டொக் டொக் எண்டு சத்தம்?" அவன் சொன்னவன், "இஞ்சை ஒரு சத்தமும் இல்லை மாமி, உங்கட பக்கத்திலைதான் கேக்குது." எனக்கு அது இப்பதான் நினைவு வருது. அவன் அப்பிடித்தான் சொன்னவன். உங்கட பக்கத்திலை எண்டு.

அந்தச் சுவரிலைதான் ரெலிபோன் இருந்தது. கதவைத் திறந்தால் கைக்கெட்டிற தூரம்.

முழுக்கக் கேட்டுக்கொண்டு நிண்டிருக்கிறார். செப்புக்கம்பி எண்டு அவன் சொன்னதையும் கேட்டவர். நான் மூடு எண்டதையும் கேட்டவர். கேட்டுப்போட்டு மேலை ஏறி வந்து, நான் சொன்ன பொய்யையும் கேட்டவர். வடகம் கருகுது பாரும் எண்டார் பிள்ளை. அதுக்குப் பிறகு எத்தினை வருசம் என்ர கையாலை சாப்பிட்டவர். ஒரு நாள் கேக்கேல்லை. எள்ளுப்பாகு எண்டு பிலிப்பினோக்காரனுக்கு முன்னாலை நான் ஏசேக்கையும்... ஐயோ, தண்ணிக்கை நிண்டு என்னைப் பாத்தாரே. எனக்கு நோகுமெண்டு எல்லே அவர் வாயை மூடினவர்.

இல்லை, நான் அழேல்லை. உந்தப் படியிலை கொஞ்சம் இருக்கிறன்.

நீ இருக்கிறியோ, இல்லையோ? இருக்க விருப்பம் எண்டால் இண்டைக்கே சாமானைக் கொண்டு வா. வாடைக் கதையெல்லாம் பிறகு பாப்பம். எள்ளு மேலை குசினித் தட்டிலை இருக்கு, சின்னப் போத்தில். உனக்கு வேணுமெண்டு சொல்லேல்லை, நீ உன்ர அம்மாவைக் கேட்டுச் செய். எனக்குத்தான் வேணும். பொம்பிளையள் இறைக்கலாமோ எண்டு ஐயரைக் கேக்கப் போறேல்லை. வலையை நான் கழுவி வைக்கிறன்.

என்ன செய்யிறாய்? வேண்டாம், வை அதை. மூடாதை பிள்ளை. திறந்து கிடக்கட்டும்.